ஈசூன் சமூகத் தோட்டத்தில் சாய்ந்த பப்பாளி நாற்றுகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

## பின்னணி

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில், வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளுக்கு நடுவே, கூடைப்பந்துத் திடலை ஒட்டிய சிறு நிலத்தில் எங்கள் தோட்டம் இருக்கிறது. தேசியப் பூங்காக் கழகம் 2005ல் தொடங்கிய சமூகத் தோட்டத் திட்டத்தைப் பின்பற்றி வசிப்போர் குழு இதை நடத்துகிறது. உறுப்பினர்கள் பதினான்கு பேர். பாதிப்பேர் தமிழர்கள், பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். கறிவேப்பிலை, முருங்கை, வெண்டை, பாண்டான், கங்கோங் கீரை என்று வழக்கமான பயிர்கள்தான். கீரை விதையை நேரடியாகத் தூவுவோம், மற்றவற்றைச் செடிக்கடையில் நாற்றாக வாங்கி நடுவோம். பழச்செடி வளர்க்க முனையும்வரை நாற்றுக் கலவையைப் பற்றி யோசிக்க வேண்டிய தேவையே எங்களுக்கு வந்ததில்லை.

ஓர் ஆண்டு அக்டோபரில் சுற்றியுள்ள நான்கு புளோக் மக்களுக்கும் பழச்செடிகள் வழங்கலாம் என்று முடிவானது. பப்பாளி 120, கொடித்தோடை என்கிற பேஷன் பழம் 60, முள் சீத்தா 36, ஆக மொத்தம் 216 நாற்றுகள். எல்லாமே விதையிலிருந்து, எல்லாமே இயற்கை முறையில். பக்கத்துப் பாலர் பள்ளிப் பிள்ளைகள் வாரம் ஒருமுறை வந்து மண்ணில் கைவைப்பார்கள். அதனால் செயற்கை உரமோ பூஞ்சைக்கொல்லியோ நாற்றங்கால் பக்கம் வரக்கூடாது என்பது குழுவின் உறுதி. நாற்றங்காலின் பொறுப்பு என்னிடம் வந்தது.

கீரைக்கும் பழச்செடிக்கும் உள்ள வேறுபாட்டை நாங்கள் சரியாக எடைபோடவில்லை. கங்கோங் எந்தக் கலவையையும் மன்னித்துவிடும். பப்பாளி விதை முளைக்கவே இரண்டு மூன்று வாரம் ஆகும். முளைத்த பிறகும் பல வாரம் அதே சிறு குழியில் இருக்க வேண்டும். சதைப்பற்றான அதன் வேருக்கு நீர் தேங்கினால் ஆகாது. முள் சீத்தா ஒரு மாதம்கூட மண்ணுக்குள் உறங்கும். அத்தனை நாளும் கலவை அமிழ்ந்து இறுகாமல், உள்ளே காற்றோட்டம் குறையாமல் இருக்க வேண்டும்.

## முதல் கலவை

கலவையை முடிவுசெய்தவர் எல்லோரும் அண்ணன் என்று அழைக்கும் மூத்த உறுப்பினர். வாழையும் ரோஜாவும் அவர் கைபட்டால் செழிக்கும். அவர் சொல்லை யாரும் தட்டவில்லை. கொள்ளளவில் தென்னை நார்த்தூள் நான்கு பங்கு, மண்புழு உரம் மூன்று பங்கு, காப்பிச் சக்கையும் சமையலறைக் கழிவும் கலந்த மக்கு மூன்று பங்கு.

நார்த்தூள் 5 கிலோ கட்டியாக வந்தது. நீர் ஊற்றினால் 60 லிட்டருக்கு மேல் பொங்கிவரும் அந்தக் காட்சியைப் பார்க்கவே பிள்ளைகள் கூடுவார்கள். உறையில் 'இயற்கை' என்று அச்சிட்டிருந்தது; கழுவியதா, கழுவாததா என்ற தகவல் எதுவும் இல்லை. நாங்களும் கேட்கவில்லை. காப்பிச் சக்கை அருகிலுள்ள காப்பிக் கடை இலவசமாகத் தந்தது. இங்கே பழைய பாணிக் காப்பிக்கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுப்பார்கள் என்பதால் அந்தச் சக்கையில் கொழுப்பும் ஒட்டியிருக்கும். அது ஐந்து வாரமே மக்கியிருந்தது. நிறம் கறுத்துவிட்டதைப் பார்த்துத் தயார் என்று எடுத்துக்கொண்டோம்.

நவம்பர் முதல் வாரத்தில் விதைத்தோம். குழித்தட்டுகளை ஒழுகாமலிருக்கப் பிளாஸ்டிக் தாம்பாளங்களில் வைத்து, கொட்டகையின் ஓரத்தில் அடுக்கினோம். மழைக்காலம் தொடங்கிவிட்டிருந்தது.

## கண்டது

24ஆம் நாள் கணக்கெடுத்தபோது 120 பப்பாளிக் குழிகளில் 41 மட்டுமே முளைத்திருந்தன. அந்த 41லும் 17 நாற்றுகளின் தண்டு மண்மட்டத்தில் நூலாக இளைத்துச் சாய்ந்துவிட்டது. நாற்றழுகல் என்று பார்த்தவுடனே தெரிந்தது. நின்றவற்றில், முதலில் விரியும் வித்திலைகள் வெளிறி, ஓரம் பழுப்பாகக் கருகியிருந்தன. கொடித்தோடை கொஞ்சம் தாக்குப்பிடித்தது, 60ல் 33. முள் சீத்தா எட்டிப்பார்க்கவே இல்லை, அதற்கு இன்னும் காலம் இருந்தது.

கலவையின் மேல்பரப்பில் பச்சைப் பாசி படர்ந்திருந்தது. தட்டை அசைத்தால் கொசுவைவிடச் சிறிய கருப்பு ஈக்கள் எழும்பின. இன்னொரு காட்சி எங்களை உண்மையிலேயே பதற வைத்தது. தட்டை நகர்த்திய ஓர் உறுப்பினர் கீழிருந்த தாம்பாளத்தில் கொசுப்புழு நெளிவதைக் கண்டார். பூச்சட்டித் தட்டில் நீர் தேங்கவிடாதீர்கள், கெட்டிப்பட்ட மண்ணைக் கிளறிவிடுங்கள் என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் ஓயாமல் சொல்லிவரும் ஊர் இது. தாம்பாளங்கள் அன்றே அகற்றப்பட்டன.

## முதல் முடிவு, அதன் விளைவு

அன்று மாலை கூடிப் பேசினோம். விதை சரியில்லை என்றார் ஒருவர். மழை என்றார் இன்னொருவர். இலை வெளிறியிருக்கிறதே, சத்துப் போதவில்லை என்று பெரும்பான்மையோர் கருதினார்கள். நானும் அந்தப் பக்கமே நின்றேன். மண்புழு உரத்தை நீரில் ஊறவைத்து வடித்த சாற்றை மூன்று நாளைக்கு ஒருமுறை ஊற்றினோம்.

ஒரே வாரத்தில் கருகல் இலையின் நடுவரை ஏறியது. மேலும் 11 நாற்றுகள் போயின. மிஞ்சியது 13.

இந்த இடத்தில் நான் செய்த பிழையைப் பதிவுசெய்தாக வேண்டும். இலை வெளிறுவதற்குப் பசி ஒரு காரணம் மட்டுமே. வேர் மூச்சுத்திணறினாலும் இலை வெளிறும், உப்பு மிகுந்தாலும் வெளிறும். பசியென்றால் அடியிலுள்ள முதிர்ந்த இலை முழுவதும் சீராக மஞ்சளாகும். எங்கள் நாற்றுகளில் ஓரம் கருகியிருந்தது. நோயாளியைத் தொட்டுப் பார்க்காமலேயே கஞ்சி கொடுத்த கதையாகிவிட்டது.

## வேரைப் பார்த்த நாள்

டிசம்பர் முதல் வாரத்தில், எங்கள் குழுவில் அக்கா என்று அழைக்கப்படும் ஓய்வுபெற்ற ஆசிரியை, இன்னும் உயிரோடிருந்த ஒரு நாற்றைக் குழியோடு பெயர்த்து வெள்ளைத் தட்டில் வைத்தார். மண்கட்டியைச் சமையலறைக் கத்தியால் நெடுக்காகப் பிளந்தார். மேல் பாதி பழுப்பு நிறம், தொட்டால் உதிர்ந்தது. கீழ் மூன்றிலொரு பங்கு கறுத்து, களிபோல் பிசுபிசுத்து, அழுகிய முட்டை வாடை அடித்தது. வேர் இரண்டு சென்டிமீட்டர்வரை வெள்ளையாக இறங்கி, அந்தக் கறுப்பு எல்லையைத் தொட்டதும் சுவரில் முட்டியதுபோல் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. எல்லையைத் தாண்டிச் சென்ற ஒரே வேரின் நுனி பழுப்பேறிக் குழைந்திருந்தது.

"விதைமேல் பழிபோட்டோமே, அண்ணன். இந்த வேர் எங்கே போகும், பாருங்கள்" என்றார் அக்கா. அண்ணன் நெடுநேரம் குனிந்து பார்த்தார். "வாழைக்குப் போடுகிற சாப்பாட்டைக் கைக்குழந்தைக்கு ஊட்டிவிட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு மூன்று சோதனைகள் செய்தோம். எதற்கும் ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை.

முதலாவது காற்றிட அளவு. 200 மில்லி தயிர்க் குவளையின் அடியில் துளையிட்டு, துளைகளை ஒட்டுப்பட்டையால் அடைத்தோம். கலவையை விளிம்புவரை நிரப்பி, மேலே நீர் மினுங்கும்வரை மெதுவாக ஊற்றி ஒருமணி நேரம் விட்டோம். பிறகு பட்டையை உரித்து, வடிந்த நீரை அளந்தோம். வெளியேறிய நீரின் இடத்தைத்தான் காற்று பிடிக்கும். ஆகவே அந்த அளவே கலவையின் காற்றிடம். வடிந்தது 14 மில்லி, அதாவது 7 விழுக்காடு. நாற்றுக் கலவைக்கு 15 முதல் 25 விழுக்காடுவரை இருப்பது நல்லது.

ஆழம் குறைந்த குழி இந்தக் குறையைப் பெரிதாக்கியது. எந்தக் கலவையானாலும் கொள்கலத்தின் அடியில் வடியாத ஒரு நீரடுக்கு நிற்கும். அதன் உயரம் கலவைத் துகளின் அளவைப் பொறுத்தது, சட்டியின் ஆழத்தைப் பொறுத்ததன்று. ஆழமான சட்டியில் அது சிறு பகுதி, நான்கு சென்டிமீட்டர் குழியில் பாதிக்குப் பாதி. பாத்திரம் கழுவும் பஞ்சை வைத்து அக்கா இதைக் காட்டினார். நனைந்த பஞ்சைத் தட்டையாகப் பிடித்தபோது சொட்டு நின்றுவிட்டது. அதையே செங்குத்தாகத் திருப்பியதும் மறுபடியும் நீர் ஒழுகியது. மண்புழு உரமும் காப்பிச் சக்கையும் நுண்துகள். அவை நார்த்தூளின் இடுக்குகளை அடைத்து நீரடுக்கை இன்னும் உயர்த்திவிட்டன.

இரண்டாவது உப்பு. மீன்தொட்டி வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவரிடம், நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மானி இருந்தது. ஒரு பங்கு கலவைக்கு ஐந்து பங்கு நீர் சேர்த்துக் கலக்கி அளந்ததில் சென்டிமீட்டருக்கு 1.8 மில்லிசீமன்ஸ் காட்டியது. கழுவிய நார்த்தூள் 0.5க்குக் கீழே இருக்க வேண்டும். தேங்காய் மட்டையில் இயல்பாகவே பொட்டாசியமும் குளோரைடும் அதிகம். உவர்நீரில் மட்டையை ஊறவைத்து நார் பிரிக்கும் இடங்களில் சோடியமும் சேர்ந்துகொள்ளும். அதன்மேல் மண்புழு உரத்தின் உப்பு, அதற்கும் மேல் நாங்கள் ஊற்றிய சாறு.

மூன்றாவது வெந்தயம். ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே நீரில் ஊறவைத்து வடித்து, அந்த நீரில் நனைத்த காகிதத்துண்டின்மேல் இருபது வெந்தயம் வீதம் பரப்பினோம். மூன்றாம் நாள் வெறும் குழாய் நீரில் 19 முளைத்திருந்தன, மண்புழு உரத்தில் 15, கழுவாத நார்த்தூளில் 13. காப்பிச் சக்கை மக்கில் 6 மட்டுமே. அவற்றின் வேர்நுனியும் கருகியிருந்தது. பாதி மக்கிய காப்பிச் சக்கையில் முளைப்பைத் தடுக்கும் பொருள்கள் எஞ்சியிருக்கும் என்பது தெரிந்த செய்தி. ஆனால் ஐந்து வெள்ளிக்கும் குறைவான வெந்தயம் எங்கள் கண்முன்னே அதைக் காட்டிய பிறகே குழு நம்பியது.

நாற்றழுகலுக்குக் காரணமான பூஞ்சை எங்கும் இருப்பதுதான். ஈரம் நிறைந்து காற்றில்லாத இடத்தையும் உப்பால் வலுவிழந்த தண்டையும் நாமே தயார்செய்து கொடுத்தோம் என்பதே எங்கள் முடிவு.

## இரண்டாவது கலவை

பழைய கலவையை வீசவில்லை. வாழைக்குத்தின் அடியில் பரப்பினோம்; மழை அதன் உப்பைக் கழுவியது, வாழை அதைத் தின்று தழைத்தது. அண்ணனின் கலவையில் குற்றமில்லை, அது வேறு செடிக்கானது.

புதிய கலவைக்கு மூன்று யோசனைகள் வந்தன. உறையில் வரும் பீட் கலவையை, அதாவது சதுப்பில் படிந்து பாதி மக்கிய தாவரப் பொருளை, வாங்கிவிடலாம் என்றார் இளம் உறுப்பினர் ஒருவர். நாற்றுக்கு அது நல்ல பொருள்தான். ஆனால் 2015ல் சுமத்ரா, கலிமந்தான் பீட் நிலங்கள் எரிந்து, அந்தப் புகைமூட்டத்தால் இங்கே வாரக்கணக்கில் முகக்கவசத்தோடு நடந்தவர்களிடம் அந்தப் பெயர் எடுபடவில்லை. சட்டிக்கு வரும் பீட் பெரும்பாலும் குளிர்நாட்டுச் சதுப்புகளில் வெட்டப்படுவது என்பதைச் சொன்னேன். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவே சேரும் பொருளைப் பப்பாளிக்காக வெட்ட வேண்டுமா என்று அக்கா திருப்பிக் கேட்டதும் நான் மேற்கொண்டு வாதிடவில்லை. சுட்ட மண் என்றார் இன்னொருவர். கம்பம் எனப்படும் கிராமத்தில் வாழ்ந்த காலத்தில் அவர் தாயார் எல்லாவற்றையும் அதில்தான் வளர்த்தாராம். குழித்தட்டுக்கு அது கனம் அதிகம் என்று ஒதுக்கி, பெரிய பைக்கு மாற்றும்போது பயன்படுத்த ஒப்புக்கொண்டோம்.

இறுதியில் அமைந்தது: கழுவிய நார்த்தூள் ஆறு பங்கு, கருக்கிய உமி மூன்று பங்கு, சலித்த மண்புழு உரம் ஒரு பங்கு. கருக்கிய உமியின் ஓட்டு வடிவம் காற்றிடத்தைக் காப்பாற்றும். அதன் காரத்தன்மை நார்த்தூளின் அமிலத்தன்மையைச் சற்றுச் சமன்செய்யும். மண்புழு உரம் பத்திலொரு பங்குக்குமேல் வேண்டாம் என்பதில் இந்த முறை யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை.

நார்த்தூளைக் கழுவுவதில் ஒரு சங்கடம் எழுந்தது. அது பிடித்துவைத்திருக்கும் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் வெளியேற்ற நாற்றுப்பண்ணைகள் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைக்கும். அது செயற்கை உரம்; எங்கள் உறுதிக்குப் பொருந்தாது. ஆகவே கனிமமாகத் தோண்டியெடுக்கும் ஜிப்சத்தைத் தேர்ந்தோம். லிட்டருக்கு 2 கிராம். அதற்குமேல் அதிகம் கரையாது. ஒரு நாள் முழுவதும் ஊறவைத்து, வடித்து, பிறகு தூய நீரில் இருமுறை அலசினோம். ஜிப்சக் கரைசலே மானியை ஏற்றிக்காட்டும் என்பதால் கடைசி அலசலைத் தவிர்க்க முடியாது. முதலில் வடித்த நீர் பால் சேர்க்காத தேநீர் நிறத்தில் இருந்தது. இறுதியில் மானி 0.4ல் நின்றது. தயிர்க் குவளையில் புதிய கலவை 40 மில்லி வடித்தது, அதாவது 20 விழுக்காடு.

குழித்தட்டையும் மாற்றினோம். ஒன்பது சென்டிமீட்டர் ஆழமுள்ள குவளைகளைக் கம்பிவலை மேசையில், ஒளிபுகும் கூரைக்கு அடியில் வைத்தோம். வடிந்த நீர் நேராகத் தரைக்குப் போனது, கொசுவுக்கும் இடமில்லை.

விதையிலும் கவனம் வைத்தோம். நீளமான பழத்திலிருந்து எடுத்த பப்பாளி விதையை வடிகட்டியில் தேய்த்து, மேலிருந்த வழவழப்புச் சவ்வை முழுவதும் நீக்கினோம். அது முளைப்பைத் தாமதப்படுத்தும். முதல் முறை சிலர் தேய்த்தார்கள், சிலர் கழுவியதோடு விட்டுவிட்டார்கள். அப்படியானால் மாற்றம் கலவையால் வந்ததா, விதையால் வந்ததா? இந்தக் கேள்வி எழும் என்பதால், அதே விதையை அதே நாளில் அதே மேசையில், எடுத்துவைத்திருந்த பழைய கலவை நிரப்பிய 24 குவளைகளிலும் விதைத்தோம். வீண்வேலை என்று முணுமுணுத்தவர்கள் உண்டு.

## தொடர்ந்தது

டிசம்பர் கடைசி வாரத்தில் விதைத்து, 21ஆம் நாள் எண்ணினோம். புதிய கலவையில் 120 பப்பாளியில் 101 முளைத்தன. நாற்றழுகலுக்குப் போனவை 4. பழைய கலவையில் 24ல் 9 முளைத்து, அவற்றிலும் 5 சாய்ந்தன. மழை இரண்டுக்கும் பொது, விதையும் பொது. கொடித்தோடை 60ல் 47. முள் சீத்தா முதல் முறை ஐம்பது நாளில் 36க்கு 5. இந்த முறை 22.

எல்லாம் சுமுகமாகப் போய்விடவில்லை. இரண்டு உண்மையிலைகள் விரிந்த கட்டத்தில் நாற்றுகள் மறுபடியும் வெளிறின. ஆனால் கருகல் இல்லை, அடியிலைகள் சீராக மஞ்சளாயின. இது உண்மையான பசி. நார்த்தூளில் தழைச்சத்தைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு கரிமம் இருக்கிறது. அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் கிடைக்கிற தழைச்சத்தைத் தாமே எடுத்துக்கொண்டுவிடும். மண்புழு உரச் சாற்றை இருபது மடங்கு நீரில் கலந்து வாரம் ஒருமுறை ஊற்றியதும் பத்து நாளில் பச்சை திரும்பியது. டிசம்பரில் கொன்ற அதே சாறு.

இன்னோர் இழப்பு முழுக்க மனிதக் கையால் வந்தது. நார்த்தூளின் மேல்பரப்பு காய்ந்து வெளுத்துக் கிடக்கும், உள்ளே ஈரம் நிறைந்திருக்கும். சீனப் புத்தாண்டு விடுமுறையில் முறைமாறி வந்த தொண்டூழியர் ஒருவர் மேலே பார்த்துவிட்டுத் தினமும் பூவாளியால் ஊற்ற, ஒரு வரிசையில் 9 பப்பாளி அழுகின. அவரைக் குறைசொல்ல இடமில்லை, நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை. அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்தோம்: ஊற்றுவதற்குமுன் குவளையைக் கையில் தூக்கிப் பார்ப்பது. நனைந்த குவளை ஒன்றும் காய்ந்த குவளை ஒன்றும் மேசை ஓரத்தில் எடைபழக நிரந்தரமாக இருக்கின்றன. பிள்ளைகள்தாம் அதைச் சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள்.

பிப்ரவரியில் நாற்றுகளைப் பெரிய பைக்கு மாற்றினோம். இங்கே சுட்ட மண் வந்தது. கால் பங்கு மண்புழு உரமும் சேர்ந்தது. வேர் வலுத்த செடி அதை மகிழ்ச்சியாக ஏற்றது. மார்ச் இறுதியில் 86 பப்பாளி, 44 கொடித்தோடை, 19 முள் சீத்தாச் செடிகளை வழங்கினோம்.

## மாற்றிக்கொள்ள வேண்டியவை

வெந்தயச் சோதனையை விதைப்புக்குமுன் செய்திருக்க வேண்டும். மூன்று நாள் காத்திருந்தால் ஐந்து வாரம் மிஞ்சியிருக்கும். எந்தக் கட்டியை வாங்கினாலும், உறை என்ன சொன்னாலும், இப்போது மானி வைத்த பிறகே கலக்கிறோம்.

முதல் முறையே 216 குழி என்று இறங்கியது அதிகப்படி. இருபது குழியில் பார்த்துவிட்டுப் பெருக்கியிருக்கலாம்.

முள் சீத்தாவைப் பற்றி இன்னும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. முளைக்காத 14 விதைகளைத் தோண்டிப் பார்த்தபோது ஐந்து கெட்டியாகவே இருந்தன. அவை இன்னும் உறங்கினவா, செத்தவையா என்று தெரியுமுன் குவளைகள் தேவைப்பட்டதால் கொட்டிவிட்டோம். அடுத்த முறை அவற்றுக்குத் தனி மேசை.

கருப்பு ஈ முழுமையாகப் போகவில்லை. மேல்பரப்பில் ஒரு விரற்கடை கருக்கிய உமி தூவிய குவளைகளில் குறைவாகத் தெரிந்தது. ஆனால் எண்ணிப் பார்க்காததால் அதை முடிவாகச் சொல்லமாட்டேன்.

கொடுத்த செடிகளை ஜூன் மாதம் விசாரித்தபோது இரண்டு வீட்டில் பப்பாளி பட்டுப்போயிருந்தது. இரண்டும் அழகான பீங்கான் சட்டிகள். திருப்பிப் பார்த்தால், அடியில் துளை இல்லை. இப்போது செடியோடு சேர்த்து, துளையிட்ட பையையும் கொடுக்கிறோம்.